பாதையில்லாத மலையில் நாயுடன்: ஏற்றத்தை விட இறக்கமே முதல் கணக்கு

கேள்வி: நானும் என் தோழியும் பல ஆண்டுகளாக மலையேறி வருகிறோம். இம்முறை குறியிட்ட பாதையை விட்டு விலகி, பாறைக் குவியல்களையும் சரளைக்கல் சரிவையும் கடந்து ஒரு முகட்டுக்கு ஏறி, மறுபக்கமாக இறங்கத் திட்டமிட்டிருக்கிறோம். மொத்தம் 14 கி.மீ., ஏற்றம் 1,100 மீட்டர். என் நாய்க்கு நான்கு வயது, எடை 24 கிலோ. பாதைகளில் அது எங்களை விட நன்றாக நடக்கிறது. இந்தப் பயணத்துக்கு அதை அழைத்துச் செல்லலாமா? ஒரே நாளில் முடியுமா?

பதில்: உங்கள் நாய் பெரும்பாலும் முகடு வரை ஏறிவிடும். அதனால்தான் இந்தத் திட்டம் எனக்குக் கவலை தருகிறது. ஏறும்போது நாய் பின்னங்கால்களால் உந்தி, நகங்களைப் பதித்து, நாம் கைகளைப் பயன்படுத்த வேண்டிய இடங்களைக்கூட எளிதாகக் கடந்துவிடுகிறது. இறங்கும்போது நிலைமை வேறு. சமதரையிலேயே அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. சரிவில் அந்தச் சுமை இன்னும் கூடுகிறது. நாம் செங்குத்தான இடத்தில் பாறையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் வைக்க இடம் தேடி ஒவ்வொரு படியாக இறங்குவோம். நாயால் அப்படித் திரும்பி இறங்க முடியாது. அது தலையை முன்னே நீட்டி எட்டிப் பார்க்கும், தயங்கி முனகும், நீங்கள் கீழிருந்து அழைத்தால் உங்கள் மீதுள்ள நம்பிக்கையில் குதித்துவிடும். பாதை விலகிய மலைகளில் நாய்களுக்கு ஏற்படும் மோசமான காயங்களில் பல இப்படிக் குதிப்பதால் வருபவைதான்.

ஆகவே, நீங்கள் இருவரும் இதுவரை இறங்கிப் பார்க்காத மறுபக்கத்தை நாயுடன் முதன்முறையாக முயல வேண்டாம். ஒன்று, ஏறிய வழியிலேயே இறங்குமாறு திட்டத்தை மாற்றுங்கள். அல்லது நாய் இல்லாமல் ஒருமுறை போய் அந்த இறக்கத்தை நேரில் பார்த்து வாருங்கள். வரைபடத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்றால், 15 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே தடயமே இல்லாமல் ஒளிந்திருக்கலாம். மேலிருந்து எடுக்கப்படும் செயற்கைக்கோள் படமும் செங்குத்தான பகுதியைத் தட்டையாகத்தான் காட்டும்.

அடுத்தது எடை. 2020ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்காஃபெல் பைக் மலையிலிருந்து இறங்கும் வழியில், 55 கிலோ எடையுள்ள செயின்ட் பெர்னார்ட் நாய் ஒன்று பின்னங்கால் வலியால் படுத்து, எழ மறுத்துவிட்டது. மீட்புக் குழுவின் 16 தன்னார்வலர்கள் சேர்ந்து அதைக் கீழே கொண்டுவர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்த மலையின் உயரம் 978 மீட்டர்தான். உங்கள் நாய் அதில் பாதி எடைகூட இல்லை. ஆனால் நீங்கள் இருவர் மட்டுமே இருக்கிறீர்கள். நாயைத் தோளில் மாட்டித் தூக்கும் தூளி கடைகளில் கிடைக்கிறது. அதில் நாயை வைத்து, உங்கள் முதுகுப்பையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, அருகிலுள்ள ஏதேனும் ஒரு மேட்டில் அரை மணி நேரம் ஏறி இறங்கிப் பாருங்கள். பிறகு தோழியும் அதையே செய்யட்டும். இருவரும் மாறி மாறிச் சுமந்து, பயணத்தின் மிகத் தொலைவான புள்ளியிலிருந்து நாயைக் கொண்டுவர முடியும் என்ற உறுதி வந்தால் மட்டும் புறப்படுங்கள். அந்த உறுதி வராவிட்டால் எளிதான வேறு வழியைத் தேர்ந்தெடுங்கள்; இதில் நான் விட்டுக்கொடுத்துச் சொல்ல எதுவுமில்லை.

நேரக் கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதிப்படி, 5 கி.மீ. தொலைவுக்கு ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் தேவை. உங்கள் பயணத்துக்கு அது ஏறக்குறைய 4 மணி 40 நிமிடம். ஆனால் அது நல்ல தரையில் நடப்பவருக்கான கணக்கு. பாறைக் குவியலிலும் புதரிலும் அதை இரட்டிப்பாக்குவதே பாதுகாப்பு. ஓய்வு, தண்ணீர், நாயைக் கைமாற்றி இறக்கும் இடங்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் 11 மணி நேரத்தை எளிதாக எட்டிவிடும். பகல் நீளமாக இருக்கும் பருவத்தில், விடியலில் புறப்பட்டால் ஒரே நாளில் முடியும். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். முகடு கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்பிவிட வேண்டும்.

பாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புல்லிலும் மண்ணிலும் நடந்து பழகிய பாதத்தின் அடித்தோலைச் சொரசொரப்பான பாறை உப்புத்தாளைப் போல் தேய்த்துவிடும். முதலில் தோலின் கருமை மங்கி, நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் தெரியும். பிறகு ஓரம் கிளம்பி, நகத்தால் தூக்கிவிடக்கூடிய மெல்லிய மடலாகத் தொங்கும். உற்சாகத்தில் இருக்கும் நாய் அதுவரை நொண்டாமலே நடக்கும். ஆகவே பாறைப் பகுதியில் மணிக்கு ஒருமுறை நான்கு கால்களையும் தூக்கி, விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். பயணத்துக்கு ஆறு வாரங்கள் முன்பிருந்தே கரடுமுரடான தரையில் நடக்கவிட்டு, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் தோல் தடிக்கும். நாய்க்கான காலணிகளையும் வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். அவை கழன்று விழுந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு உபரியாக இருக்கட்டும்.

கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டி நாயை இறக்கவோ ஏற்றவோ ஒருபோதும் கூடாது; மூச்சுக்குழல் நசுங்கிவிடும். மார்பையும் வயிற்றையும் சுற்றி வரும், முதுகில் உறுதியான கைப்பிடி உள்ள பட்டைதான் வேண்டும். ஆளுயரத்துக்குக் குறைவான பாறைப்படி ஒன்று வந்தால், தோழி முதலில் இறங்கிக் காலூன்றி நிற்கட்டும். நீங்கள் மேலே உட்கார்ந்து, குதிகால்களைப் பாறையில் முட்டுக்கொடுத்து, கைப்பிடியைப் பிடித்தபடி நாயின் பின்புறம் முதலில் போகுமாறு மெதுவாக இறக்குங்கள். தோழியின் ஒரு கை தொடைகளுக்கு அடியிலும் மற்றொன்று மார்புக்கு அடியிலும் போய், “பிடித்துவிட்டேன்” என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே நீங்கள் விட வேண்டும். தோழியின் கைக்கு எட்டாத உயரமாக இருந்தால் அது உங்களுக்கான வழியன்று, சுற்றி வாருங்கள்.

சரளைக்கல் சரிவில் மூவரும் ஒருவருக்கு நேர் கீழே ஒருவர் இருக்கக் கூடாது. நாய்க்குத் தன் காலடியில் கல் பெயர்வதும் தெரியாது, கீழே ஆள் இருப்பதும் புரியாது. குறுக்காக, அருகருகே நகருங்கள். இடுப்பில் கட்டும் நாய்க்கயிற்றைச் செங்குத்தான இடத்தில் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் இழுப்பில் இருவருமே விழ நேரிடும். மற்ற இடங்களில் கயிற்றைக் கழற்றாதீர்கள். காட்டு விலங்கைத் துரத்திப் போகும் நாய், சில வேளைகளில் அதே விலங்கைத் தன் பின்னால் உங்களிடமே அழைத்து வந்துவிடும். பாதையை விட்டு விலகவும் நாய்க்கும் அங்கு அனுமதி உண்டா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இல்லை.

வெப்பம் விரைவாகக் கொல்லும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு கடுஞ்சிவப்பாவது, நடை தள்ளாடுவது ஆகியவை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் அது வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். நாய்க்கென மட்டும் இரண்டரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நீல-பச்சைப் பாசி படர்ந்த தேங்குநீரைக் குடிக்க விடாதீர்கள், அது நஞ்சு. புறப்படும் முன் வயிறு நிறைய உணவு வேண்டாம், வழியில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். உங்கள் மருந்துப் பையிலுள்ள பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சு என்பதால், அதற்கான வலி மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்குங்கள்.

இருவர் மட்டும் செல்லும் பயணத்தில் ஒருவருக்கு அடிபட்டால், மற்றவர் துணையாக இருப்பதா, உதவிக்குப் போவதா என்ற இக்கட்டு வரும். செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று இருந்தால் அந்த இக்கட்டு பெரும்பாலும் தீர்ந்துவிடும். விசிலும் இருக்கட்டும்: பல நாடுகளின் மலைகளில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவதே உதவிக் குறி. இதில் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. அடிபட்டுக் கிடப்பது நீங்களாக இருந்தால், உங்கள் நாய் உங்களைக் காப்பதாக எண்ணி யாரையும் அருகில் விடாமல் நிற்கக்கூடும். அப்போது அதைக் கூப்பிட்டு, கட்டிவைத்து, தேவையானால் தூக்கிச் செல்ல வேண்டியவர் உங்கள் தோழி. ஆகவே பயிற்சி நடைகளில் பாதி நேரம் கயிறு அவர் கையில் இருக்கட்டும். “நில்”, “வா”, “இரு” ஆகிய மூன்றுக்கும் நாய் அவர் குரலுக்குப் பணிகிறதா என்பதை, நீங்கள் அதன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று பலமுறை சோதித்துப் பாருங்கள்.