துப்புரவு வேலையா?

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த என் மகள், கொழும்பு நிறுவனம் ஒன்றில் தரவுப் பகுப்பாய்வு செய்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், "பாதி நாள் தரவைச் சுத்தம் செய்வதுதான்" என்கிறாள். இதற்கா பட்டம்?
– ஒரு தந்தை, களுவாஞ்சிகுடி

பதில்: ஐயா, உங்கள் ஊரையே எடுங்கள். ஆங்கிலத்தில் அதன் கடைசி எழுத்தை ஒருவர் வை என்பார், இன்னொருவர் ஐ என்பார். நடுவில் ஓர் எழுத்தை விழுங்குகிறவரும் உண்டு. கணினிக்கு மூன்றும் வேறு வேறு ஊர். பிள்ளை உட்கார்ந்து ஒன்றாக்காவிட்டால், புதிதாக முளைத்த இரண்டு களுவாஞ்சிகுடிகளும் தனித்தனியாகப் பிரதேச சபை கேட்டு வீதிக்கு இறங்கும். (பெயர்ப்பலகைகளைப் பற்றி நான் எழுதாத வருடமில்லை. பலகைகள் அப்படியே நிற்கின்றன.)

சரி, ஒரு போடியாரிடம் (பெரிய வயற்காரரிடம்) எத்தனை ஏக்கர் வயல் என்று கேளுங்கள். உர மானியத்துக்குப் பதிய வந்தவரிடம் பத்து. திருவிழா வரி கேட்டு வந்த கோயில்காரரிடம் ஐந்து, அதிலும் பாதியை யானை மிதித்துவிட்டது. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் பதினைந்து, யானை வந்ததே இல்லை. வயற்காரியங்களை மேற்பார்க்கும் வட்டவிதானை பக்கத்தில் நின்றால் மட்டும் மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன, ஒரு எட்டு இருக்கும்" என்பார். எந்தக் கணக்கு யார் கேட்டு வாங்கியது என்று மோப்பம் பிடிப்பதும் அந்தச் சுத்தம் செய்வதில்தான் சேர்த்தி. இதற்குப் பட்டம் மட்டும் போதுமா என்பதே என் சந்தேகம்.

எனக்கென்னவோ அளவுக்கு மீறிச் சுத்தமான தரவைக் கண்டால்தான் பயம். 2001 குடிசனத் தொகைமதிப்பு முழுமையாக நடந்தது 18 மாவட்டங்களில். அம்பாறை அதில் உண்டு, நம் மட்டக்களப்பு இல்லை. ஆக, நமக்கு 1981ஐ விட்டால் 2012தான். இடையில் உள்ள 31 வருடத்தை ஒரு கெட்டிக்காரர் நேர்கோடு போட்டு நிரப்பிவிடலாம். வரைபடம் பார்க்க லட்சணமாக இருக்கும். யுத்தம், இடப்பெயர்வு, 2004 சுனாமி ஒன்றும் அதில் தெரியாது. வெற்றுக் கட்டத்தில் 0 போடுகிறாளா, வெறுமையாக விடுகிறாளா என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள்.

கொழும்பு என்றதும் பழைய எரிச்சல் ஒன்று. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம் என்று நாடே அலறியது. அது கொழும்பு நகர்ப்புற விலைச்சுட்டெண்ணின் கணக்கு. நம் சந்தைகளையும் சேர்த்த தேசியச் சுட்டெண் 73.7 என்றது, அதுவும் சில வாரம் பிந்தி. இதைச் சொன்னால் பிரதேசவாதம் என்று கடிதம் போடும் கல்முனை நண்பர் இந்த முறையும் போடட்டும். முத்திரையை மட்டும் சரியாக ஒட்டவும். போன கடிதத்துக்குத் தண்டப்பணம் கட்டியது நான்தான்.