எழுதியவர் ஏ. வீரப்பன்

கேள்வி: கவுண்டமணி பிறந்தது எங்க உடுமலைப் பக்கம். அவர் வாயைத் திறந்தாலே காமெடிதானுங்க. அதுக்குப் போய் எழுதிக் கொடுக்க ஒருத்தர் வேணுமா?
– வாசகர் ஒருவர், உடுமலைப்பேட்டை

பதில்: வேண்டும். கவுண்டமணி வல்லகுண்டபுரத்துக்காரர் என்பதில் உங்களுக்கு இருக்கிற பெருமை எனக்கும் உண்டு. அந்தக் குரல், அந்த வேகம், எதிரில் நிற்பவர் யாரானாலும் விடாத நக்கல் எல்லாம் அவருடையவை. ஆனால் 'வைதேகி காத்திருந்தாள்' (1984), 'கரகாட்டக்காரன்' (1989) படங்களின் காமெடியை எழுதியவர் ஏ. வீரப்பன். அவரும் காமெடி நடிகர்தான். சின்னச் சின்ன வேடங்களில் நடித்துப் பழகியவர், அப்புறம் மற்றவர்கள் பேசுவதற்கும் எழுதிக் கொடுத்தார்.

'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் லைட் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த லைட்டுக்குள் ஒளி தருகிற மேண்டில் என்பது மெல்லிய வலைத்துணி. ஒருமுறை எரிந்துவிட்டால் அது வெறும் சாம்பல் கூடு, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, வாடகை லைட் எடுத்த நம் கிராமத்தாருக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் செந்திலின் கை அதன் பக்கம் போகும்போதே சிரிப்பு வந்துவிடுகிறது. வாடகை லைட் கடையை உற்றுப் பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சி இன்னும் நுட்பம். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கப் போன செந்தில் ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்றால், கொடுத்ததுதான் அந்த இன்னொன்று என்கிறார். ஒரே கேள்வி, ஒரே பதில். பதில் கொஞ்சம் மாறினாலும் காட்சி செத்துவிடும். கேட்கிறவருடைய கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கோபத்தைப் படிப்படியாக ஏற்றியது கவுண்டமணியின் திறமை. பதில் மாறவே கூடாது என்பது எழுத்தின் கணக்கு. முன்னதைக் கொண்டாடிவிட்டுப் பின்னதை இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சத்தியமங்கலம் காட்டை ஒட்டி வாழ்கிற நமக்கு வீரப்பன் என்றாலே வேறொருவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. இத்தனை பேரைச் சிரிக்க வைத்தவருக்கு இது பெரிய அநியாயம். அடுத்த நோம்பிக்கு உங்கள் ஊர்ப் பையன்கள் மேடையில் வாழைப்பழக் காமெடியை நடித்துக் காட்டினால், கவுண்டமணி, செந்தில் பெயர்களோடு ஏ. வீரப்பன் பெயரையும் மைக்கில் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள்.