கேரவனில் 70 கி.மீ. வேகம் தாண்டினால் விசில் போலக் காற்றுச் சத்தம் வருகிறது. எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்களிடமும் ஒரு வீட்டு வண்டி இருக்கிறது. டெம்போ டிராவலரில் படுக்கை, சின்னச் சமையல் மேடை, கூரையில் இரண்டு சோலார் பேனல் வைத்துக் கட்டியது. நீங்கள் சொல்லும் இதே சத்தம் ஒரு வருடம் எங்களைப் படுத்தியது. மகாபலிபுரம் போய்ச் சேர்வதற்குள் பின்னால் படுத்திருக்கும் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அது காற்றுதானா என்று பாருங்கள். சத்தம் கேட்கும் வேகத்தில், 75-ல் சீராகப் போகும்போது, வேகம் மாறாமல் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு வாருங்கள். இன்ஜின் சுற்றோடு சத்தத்தின் சுருதியும் ஏறினால் கோளாறு இன்ஜின் பக்கம். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்குப் போகும்போது மாறினால் டயர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் காற்றுதான்.

அப்புறம், காது காட்டும் இடத்தை நம்பாதீர்கள். எங்களுக்கு ஸ்லைடிங் கதவிலிருந்து வருவது போலவே கேட்டது. சென்னையில் வண்டி உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோட்டில் ரப்பர் பீடிங் (கதவு விளிம்பில் ஒட்டும் பட்டை) வாங்கி, கதவு முழுக்க மாற்றினோம். 'உஸ்' என்ற இரைச்சல் குறைந்தது. ஊளை மட்டும் போகவில்லை. கூரையில் பிறக்கும் அதிர்வு தகடு வழியாக ஓடி, உள்ளே பலகை எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே கேட்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு மாஸ்கிங் டேப் சுருள். சந்தேகப்படும் எல்லா இடுக்கையும் வெளியிலிருந்து டேப் ஒட்டி மூடுங்கள். ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால், ஒவ்வோர் இடமாக டேப்பை உரித்துவிட்டு அதே சாலையில், அதே திசையில், அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். நாங்கள் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் விடிகாலையில் போனோம். நான் ஓட்ட, என் மனைவி பின்னால் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். மதியத்துக்கு மேல் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) இதைச் செய்யாதீர்கள். கடல்காற்று பக்கவாட்டில் அடித்துக் கணக்கைக் குழப்பிவிடும். ஒட்டிய டேப்பை அன்றே எடுத்துவிடுங்கள். நம்ம ஊர் வெயிலில் ஒரு நாள் காய்ந்தால் பசை பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கலாம்.

நான்காவது ஓட்டத்தில் பிடிபட்டது. வெயில் மறைப்புத் துணியை மாட்ட, பக்கவாட்டில் நீளமாக ஓர் அலுமினியச் சேனல் இருக்கிறது. அதன் முன்முனையை வண்டி கட்டியவர்கள் மூடாமலே விட்டிருந்தார்கள். காலி பாட்டில் வாயில் ஊதுவது மாதிரி, காற்று அதில் ஊதிக்கொண்டே வந்திருக்கிறது. ரப்பர் மூடி வைத்து அடைத்தோம், ஊளை நின்றது.

மிச்சமிருந்த மெல்லிய ரீங்காரம் கூரைக் கேரியர் கம்பியில். உருண்டைக் கம்பியில் காற்று மோதினால் பின்னால் மாறி மாறிச் சுழல் கிளம்பும். 25 மி.மீ. கம்பியில் 80 கி.மீ. வேகத்துக்கு நொடிக்குச் சுமார் 180 அதிர்வு வரும், தம்புரா போலக் கேட்கும். கம்பியைச் சுற்றி மெல்லிய கயிற்றைத் திருகாகச் சுற்றுங்கள். சுழல்கள் ஒழுங்காகச் சேராது. உயரமான புகைபோக்கிகளில் சுருளாகத் தகடு சுற்றியிருப்பதும் இதற்குத்தான்.

கதவு இடுக்குக்கு வண்டியை நிறுத்தியே சோதிக்கலாம். ஜன்னல்களை மூடி, வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். சமையல் கேஸை அடைத்துவிட்டு, வெளியே கதவு ஓரமாக ஊதுபத்தியை நகர்த்துங்கள். புகை எங்கே கலைகிறதோ அங்கே இடுக்கு. பீடிங் மாற்றும் முன் கதவுப் பூட்டுக் கொக்கியை உள்பக்கம் ஓரிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

இரண்டு எச்சரிக்கை. தரையோரம் இருக்கும் கேஸ் காற்றுத் துளைகளைச் சத்தத்துக்காக அடைக்கவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். இடுக்கு அடைக்கும் சிலிக்கோன் பசையில் வினிகர் வாசனை வரும் வகையைத் தகட்டில் பூசாதீர்கள், துருப்பிடிக்க வைக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினால் உங்கள் விசில் மாறுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். மாறினால் கதவு, ஜன்னல் இடுக்கிலிருந்து தொடங்கலாம்; மாறாவிட்டால் நேராகக் கூரைக்கு ஏறுங்கள்.