கல்லமேட்டு எலும்பு - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நிலவியல் படிக்கிறேன். அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்த டைனோசர்தான் உலகிலேயே பெரியது என்று யூடியூபில் பார்த்தேன். கட்டுரையைத் தேடிப்போனால் டாலரில் பணம் கேட்கிறார்கள். கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தில் இறக்கிப் படிப்பது தவறா? இலவச ஆய்விதழ்கள் எல்லாம் காசு கொடுத்தால் எதையும் போடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். எப்படியும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆய்வுச் சுருக்கமே போதும்தானே?

செ.

அன்புள்ள செ.,

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் உங்களுக்கு மட்டும் இரண்டு வரி எழுதி முடித்திருப்பேன். நிலவியல் படிக்கிற பிள்ளை எழுதுகிற வரியா அது? சுருக்கத்தில் இருப்பது முடிவு மட்டும். அதை நம்பலாமா என்று பார்க்க எலும்பின் படம் வேண்டும், அளவு வேண்டும், மண்ணில் எப்படிக் கிடந்தது என்ற விவரம் வேண்டும்.

கல்லமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் அங்கே கிடைத்த விலங்குக்கு புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு எழுதினார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் அதை ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்பது பிறகு வந்த திருத்தம். எலும்போ நொறுங்கிப் போய்விட்டது. இன்று எந்த அருங்காட்சியகத்திலும் அதை நீங்கள் தொட்டுப் பார்க்க முடியாது.

மிஞ்சியது தாள்தான். அந்தக் கட்டுரை எனக்கு ஜெராக்ஸின் ஜெராக்ஸாகத்தான் கிடைத்தது. கால் எலும்புப் படத்தில் நிழலுக்குப் போட்ட கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கரும்பட்டையாகக் கிடந்தன. எது உடைந்த விளிம்பு, எது வரைந்தவர் கை போட்ட நிழல் என்று லென்ஸை வைத்துப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்றுகூட வெளியே சிலர் சந்தேகப்பட்டார்கள். எதை வைத்து மறுப்பது? களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022இல் அச்சேறிய பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. முப்பது வருஷத்துக்கு மேல்! எலும்பு போன பிறகு அதன் படமும் அளவும்தான் எலும்பு. அவற்றைக் கட்டணத்துக்குப் பின்னால் வைப்பது அந்த விலங்கையே இரண்டாம் முறை புதைப்பது. உலகிலேயே பெரியதா என்பது அப்புறம். எடையைக் கணிப்பவர்களும் இதே படங்களையும் அளவுகளையும் வைத்துத்தானே கணிக்கிறார்கள்?

உங்கள் பேராசிரியர் சொல்கிற குப்பை இதழ்கள் இருக்கின்றன. அதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. 1903இல் அபடோசாரஸ் என்ற டைனோசர் பேரினத்துக்குள் அடக்கப்பட்ட புரொன்டோசாரஸைத் தனிப் பேரினமாக மீட்டது 2015இல் பியர்ஜே என்ற, யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய திறந்த இதழில் வந்த ஆய்வு. 298 பக்கம். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 டைனோசர் கூடுகளையும் 256 முட்டைகளையும் விவரிக்கும் 2023ஆம் ஆண்டுக் கட்டுரை பிளாஸ் ஒன் என்ற இன்னொரு திறந்த இதழில் இருக்கிறது, உங்கள் கைப்பேசியிலேயே திறக்கும். படித்தீர்களா?

வாசகரிடம் வாங்காத பணத்தை எழுதியவர் தலையில் கட்டுவதையும் நான் ஏற்கவில்லை. ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. நம் ஊர் ஆய்வு மாணவர் எங்கே போவார்? பேலியண்டாலஜியா எலக்ட்ரானிகா என்ற தொல்லுயிரியல் இதழ் 1998 முதல் வருகிறது. படிக்கவும் காசில்லை, எழுதவும் காசில்லை. இந்திய அரசோ ஆய்விதழ்களைப் படிக்க ஒரே நாடு ஒரே சந்தா என்று மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ஒதுக்கியிருக்கிறது. அது அரசு நிறுவனங்களுக்கு. உங்கள் தனியார் கல்லூரி வாசலில் அது நின்றுவிடும் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

சை-ஹப் விவகாரம் 2020இலேயே தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதற்கு முன் செய்யவேண்டிய ஒன்றை நீங்கள் செய்யவில்லை. சுருக்கம் இருக்கும் பக்கத்திலேயே பெரும்பாலும் கட்டுரையை எழுதியவரின் மின்னஞ்சல் இருக்கும். என்ன படிக்கிறீர்கள், எதற்குத் தேவை என்று நாலு வரி எழுதிக் கேளுங்கள், பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். எலும்பு அளவுகளின் பட்டியல் தனியாக இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.