கல்லாவும் சாவியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தொழிலைப் பற்றியும் கடை நிர்வாகத்தைப் பற்றியும் பர்மாவின் பல ஊர்த் தமிழர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இம்முறை விடை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அப்பா காலமான பிறகு எங்கள் மளிகை மொத்தக் கடையை நான்தான் நடத்துகிறேன். பெரிய தொழிலதிபர்கள் அதிகாலை நான்கு மணிக்கு எழுகிறார்கள், தியானம் செய்கிறார்கள், நாட்குறிப்பு எழுதுகிறார்கள் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் ஏழு பழக்கங்களைத் தொடங்கினேன். இருபது நாளில் ஏழும் போய்விட்டன. எனக்கு மன உறுதி போதவில்லையா? எதிலிருந்து தொடங்க வேண்டும்? (மோல்மேன்)

பதில்: தம்பி, ஒரே நாளில் ஏழு புதுப் பையன்களை வேலைக்குச் சேர்த்தால் எந்த முதலாளியாலும் ஒருவனுக்குக்கூட வேலை சொல்லிக்கொடுக்க முடியாது. பழக்கங்களும் அப்படித்தான். நான்கு மணிக்கு எழுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஏற்றி, மாவரைத்து, அதன்பின் படுக்கப் போகும் நம் வீடுகளில், எங்கோ குளிர்தேசத்து முதலாளியின் கடிகாரத்தை மாட்டிக்கொள்வதில் பொருளில்லை.

ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அன்றன்றைய கணக்கை அன்றிரவே முடிப்பது. என் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில், இன்று ஷ்வே போன்தா தெரு என்று வழங்கும் இடத்தில், நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றில் சமையலாளாக இருந்தவர். இருப்புப் பணமும் பேரேடும் ஒத்துப்போகாத இரவுகளில் சோறு ஆறிப்போகும், ஆனால் பணப்பெட்டியை வைத்துக் கணக்கெழுதும் பெட்டியடியை விட்டு ஒருவரும் எழுந்து வரமாட்டார்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அவர்கள் வாயால் சொல்லவில்லை, கையால் செய்தார்கள்.

நீங்கள் தினமும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு இதைக் கட்டிவிடுங்கள். கடையின் ஷட்டரை இழுத்ததும், பூட்டைத் தொடுவதற்கு முன், கல்லாவுக்குள்ளேயே கிடக்கும் நோட்டை எடுங்கள். காலை இருப்பு, வரவு, செலவு, மாலை இருப்பு என நான்கு வரிகள். கைப்பேசி வழியாக வந்த பணத்தை ரொக்கத்தோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். பிறகு கடன் பக்கம் ஒன்றைச் சேருங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் தருவதாகச் சொன்னார். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஊகித்து நிரப்பாதீர்கள். "எழுதவில்லை" என்று எழுதிவிட்டு, கையில் உள்ள ரொக்கத்தை எண்ணி அங்கிருந்து தொடங்குங்கள். பொய்க்கணக்கு ஒரு வரி புகுந்தாலும் அந்த நோட்டின்மேல் உங்களுக்கே நம்பிக்கை போய்விடும்.

இருபது நாளில் கைவிட்டதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகின்றன என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறுபடும் என்றும் மதிப்பிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பெரிய சேதம் செய்யவில்லை என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அதுவும் ஏழு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, நின்றுவிட்டீர்கள்.

இதன் பலன் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ரங்கூன் பயின்னவுங் சந்தையில் நான் பருப்பு வியாபாரம் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு முறையும் நூறு வீசைக்கு (ஒரு வீசை சுமார் 1.6 கிலோ) குறையாமல் எடுத்துச் செல்லும் ஒருவரை என் தலைசிறந்த வாடிக்கையாளர் என்று நினைத்திருந்தேன். கடன் பக்கத்தை எழுதத் தொடங்கிய பிறகுதான், அவருடைய பணம் வந்து சேர்வதற்குள் என் லாபம் முழுவதும் கைமாற்று வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. ஐந்து வீசை வாங்கிக் கையோடு காசு தந்த தேநீர்க் கடைக்காரர்கள்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: முறுக்கு, அதிரசம், விசேஷச் சமையல் என்று ஒரு சிறிய தொழில் நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள், எல்லாரும் நல்லவர்கள். ஆனால் உப்பு வாங்குவதற்குக்கூட என்னைக் கேட்கிறார்கள். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குப் போன அன்று கைப்பேசி ஓயவில்லை. தலைமைப் பண்பு எனக்கு இல்லை என்று என் கணவர் சொல்கிறார். (ரங்கூன்)

பதில்: அம்மா, உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. உழைப்பும் கண்டிப்பும் உங்களிடம் இருப்பதால்தான் தொழில் இந்த அளவுக்கு வந்திருக்கிறது. ஒப்படைக்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

மேலே சொன்ன கிட்டங்கிகளில் நான் மிகவும் மதிப்பது அவர்களுடைய கணக்கை அல்ல, அவர்கள் வேலையைக் கைமாற்றிய விதத்தை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே கடையை நடத்தும் மேலாள் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணைக்கு வருவார். தவணை முடிந்ததும் பேரேடு, பத்திரங்கள், பெட்டிச்சாவி எல்லாவற்றையும் அடுத்து வருபவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுக் கப்பலேறுவார். சென்னைக்குக் கப்பலில் போய்ச் சேரவே மூன்று நான்கு நாள் ஆகிய காலத்தில், யாருக்குக் கடன் கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஊரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மேலாளுக்கு அதிகாரம் உண்மையாகவே கொடுக்கப்பட்டிருந்தது. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து வந்த பையன் ரங்கூன் பேரேட்டையும் பினாங்குப் பேரேட்டையும் ஒன்றுபோல வாசிக்கும்படி கணக்கு எழுதும் முறை எங்கும் ஒன்றாக இருந்தது. மேலாள் வந்த முதல் நாளிலிருந்தே, ஒருநாள் இதை இன்னொருவர் கையில் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்தே வேலை செய்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு வாரத்துக்கு, யார் எதைக் கேட்டாலும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அறுபது எழுபது கேள்வி சேரும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏழெட்டுக் கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றுள் மாறாத விடை உள்ளவற்றை, ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு வெண்ணெய், எத்தனை நாள் பழைய எண்ணெயைக் கொட்ட வேண்டும் என்பன போன்றவற்றை, தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பணம் சம்பந்தப்பட்டவற்றுக்கு ஒரு வரம்பு வையுங்கள்: இவ்வளவு கியாட் வரை மூத்தவர் என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம், சீட்டு மட்டும் இருக்க வேண்டும். மீதமிருக்கும் நாலைந்து கேள்விகள்தான் உண்மையில் உங்களுடையவை.

இதுவரை சொன்னது எளிது. அவர்கள் எடுக்கும் முடிவு நீங்கள் எடுத்திருக்கக்கூடிய முடிவாக இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். என் கடையில் மூத்த ஆள் ஒருவர், பழைய வாடிக்கையாளருக்கு ஒரு மூட்டை உளுந்துக்குக் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுத்தார். நான் அந்த வாடிக்கையாளர் முன்னிலையிலேயே அவரைக் கடிந்துகொண்டு பழைய விலையைக் கேட்டு வாங்கினேன். அன்று எனக்குக் கிடைத்தது சில ஆயிரம் கியாட். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த மூத்த ஆள் சணல் கயிறு வாங்குவதற்குக்கூட என்னிடம் வந்து நின்றார். தவறு என்று தோன்றினால் கடை சாத்திய பிறகு, தனியாக, அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று மட்டும் பேசுங்கள். அன்று அவர் சொன்ன விலை நிற்கட்டும்.

அடுத்த மாதம் ஒரு நாள் கைப்பேசியை அணைத்துவிட்டு வெளியூர் போங்கள். இரண்டு மாதம் கழித்து மூன்று நாள். திரும்பி வந்து பார்க்கும்போது எங்கே தடுக்கியதோ அங்கே மட்டும் சுவரில் இன்னும் ஒரு தாள் ஒட்டுங்கள்.

கேள்வி: தலைமைத்துவப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் பெரிய கட்டணம் கேட்கிறார்கள். சேரலாமா? (ரங்கூன்)

பதில்: பயிற்சி தருபவர் தம் கையிலிருந்து யாருக்காவது மாதச் சம்பளம் கொடுத்தவரா என்று விசாரியுங்கள். கூட்டத்தில் பேசக் கூச்சம் என்றால் அதற்கான வகுப்பு பயன்படும், சேருங்கள். மற்றதற்கு, உங்கள் தொழிலிலேயே உங்களைவிடப் பத்து வயது மூத்த ஒருவரோடு வாரம் ஒருமுறை தேநீர்க் கடையில் உட்காருங்கள். தேநீருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கட்டணம்.

கேள்வி: செட்டியார்களின் ஒழுங்கை நீங்கள் அடிக்கடி புகழ்கிறீர்கள். அவ்வளவு ஒழுங்காக இருந்தவர்கள் பர்மாவில் எல்லாவற்றையும் இழந்தார்களே? (பெகு)

பதில்: இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். 1929-30-இல் அமைக்கப்பட்ட பர்மா வங்கி விசாரணைக் குழுவின் மதிப்பீட்டின்படி, சுமார் 1,650 செட்டியார் கடைகள் இங்கே இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். கீழ்ப் பர்மாவில் நெல் அதிகம் விளையும் 13 மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் கையில் இருந்த விளைநிலம் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்து சேர்ந்தது. 1936-க்குள் அது 25 விழுக்காடு ஆயிற்று. பேரேட்டில் பார்த்தால் சொத்து நான்கு மடங்கு. ஆனால் அவர்கள் கேட்டது நிலத்தை அல்ல, பணத்தை. உழத் தெரியாத கையில் வயல் வந்து சேர, உழுதவன் மனத்தில் கசப்பு சேர்ந்தது.

மாலை இருப்பை ஒரு காசு பிசகாமல் எண்ணியவர்கள், முதல் முழுவதும் ஒரே பயிரை, ஒரே விலையை, ஒரே மக்களின் பொறுமையை நம்பி நிற்கிறது என்பதை எண்ணவில்லை. ஊசி போகும் இடத்தைக் காத்து உலக்கை போகும் இடத்தை விட்ட கதை. அதன்பின் 1942-இல் யுத்தம், 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1964-இல் கடைகள் அரசுடைமை. இவற்றை எந்த ஒழுங்கும் தடுத்திருக்காது என்பதும் உண்மை. ஒருவன் பழக்கம் நாட்டின் விதியை மாற்றும் என்று நான் ஒருபோதும் எழுதவில்லை.

நம் தலைமுறையும் இதைப் பார்த்திருக்கிறது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவும் இல்லாமல் செல்லாதவை ஆனபோது, என் தந்தையின் கல்லாவில் இருந்தவை பெரும்பாலும் அந்த மூன்றே. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி உச்சவரம்பு விதித்தபோது, இந்தியாவை மட்டும் நம்பிக் கிடங்கை நிரப்பி வைத்திருந்தவர்கள் வாங்கிய விலைக்குக்கூட விற்க முடியாமல் தவித்தார்கள். ஆகவே நாள்கணக்கோடு மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய ஒரு காரியமும் உண்டு. பேரேட்டை மூடி வைத்துவிட்டு, எந்த ஒரு ஆள், எந்த ஒரு சரக்கு, எந்த ஒரு உத்தரவு நின்றுபோனால் என் கடை நிற்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே பெயர் வந்தால், அந்தச் சார்பைக் குறைக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் எல்லாரும் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விடுகிறார்கள். கற்றுக்கொடுத்து என்ன பயன்? (தட்டோன்)

பதில்: போகிறவர்களைத் தடுக்க உங்களால் முடியாது, அவர்கள் போவதற்குக் கடையைத் தாண்டிய காரணங்கள் உண்டு. கற்றுக்கொடுக்காமல் இருந்தால் போகிறவர் போவார், தெரியாதவர் மட்டும் உங்களிடம் தங்குவார். ஒவ்வொரு வேலைக்கும் இருவரைப் பழக்குங்கள். போகிறவர் கடைசி இரண்டு வாரம் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவேன் என்று சேரும் நாளிலேயே சொல்லுங்கள்; சொன்னபடி கொடுங்கள். முதல் ஆளுக்கு நீங்கள் கொடுத்ததைப் பார்த்துத்தான் இரண்டாவது ஆள் உங்களை நம்புவார்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. கடைக்கு எப்போது அழைத்து வரலாம்? படிப்பு கெடுமோ என்று அவன் அம்மா அஞ்சுகிறார். (ரங்கூன்)

பதில்: படிப்பைத் தொடாதீர்கள். மார்ச் முதல் மே வரை பள்ளி விடுமுறையில் காலை இரண்டு மணி நேரம் மட்டும் வரட்டும். கல்லாவில் உட்கார வைக்க வேண்டாம். முதலாளி மகன் என்று எல்லாரும் சலாம் போட்டால் அவன் ஒன்றும் கற்க மாட்டான். தராசு பிடிக்கிறவரிடம் விடுங்கள், அவர் சொல்வதைக் கேட்கட்டும். சில்லறைச் செலவு நோட்டு ஒன்றை அவன் பெயரில் திறந்து, தேநீர், கயிறு, சுமைகூலி ஆகியவற்றை அவனே எழுதி அவனே கூட்டட்டும். தப்பு இருந்தால் நீங்கள் திருத்தாதீர்கள். ரொக்கத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவன் முடிக்கும் வரை சாப்பாட்டுக்குக் காத்திருங்கள். அவன் அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.