பரிசாக விஸ்கி: எதை எடுப்பது, எதை விடுவது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எனக்கு விஸ்கி பற்றி ஒன்றுமே தெரியாது. மாமனார் பணி ஓய்வு பெறுகிறார், நல்ல பாட்டில் ஒன்று கொடுக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கடைக்குப் போகும் முன் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அவர் வழக்கமாக வாங்குவது எது? ராவாகக் குடிப்பாரா, தண்ணீர் விட்டா, சோடா கலந்தா? புகை வாசம் பிடிக்குமா? மாமியாரிடம் சொல்லி, அலமாரியில் இருக்கும் பாட்டிலை முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். பாதி காலியான பாட்டிலைத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். சீல் உடையாமல் வருஷக்கணக்காக நிற்பது பெரும்பாலும் யாரோ கொடுத்ததாக இருக்கும். அதை வைத்து அவர் ருசியை எடைபோட முடியாது.

தெரிந்த பிறகு, அந்த ருசியை ஒட்டியே ஒரு படி தள்ளிப் போங்கள். க்ளென்லிவெட் 12, க்ளென்ஃபிடிக் 12 மாதிரி பேரிக்காய், ஆப்பிள் வாசமுள்ள மென்மையான விஸ்கி குடிப்பவர் என்றால் பால்வெனி டபுள்வுட் 12 கொடுக்கலாம். பழகிய மென்மை அப்படியே இருக்கும், ஷெர்ரி என்னும் ஸ்பானிஷ் ஒயின் இருந்த பீப்பாயின் உலர்திராட்சை வாசம் கூடுதலாக வரும். ஜானி வாக்கர் பிளாக் லேபிள் குடிப்பவருக்கு க்ரீன் லேபிள் 15 அல்லது டாலிஸ்கர் 10. ஜேம்சன் குடிப்பவருக்கு ரெட்பிரெஸ்ட் 12. இரண்டுமே ஐரிஷ், ஆனால் ரெட்பிரெஸ்ட் முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத பார்லியும் சேர்த்து வடித்த பாட் ஸ்டில் விஸ்கி. அதனால் நாக்கில் கனமாக, எண்ணெய்ப் பதமாக, லேசான மசாலாக் காரத்தோடு நிற்கும்.

விலையை மட்டும் பார்த்து ஏறினால்தான் பரிசு வீணாகிறது. மென்மையான விஸ்கிக்குப் பழகியவரிடம் விலை கூடிய, புகை மண்டும் பாட்டிலைக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிடுவார்.

கேள்வி: 12, 15, 18 என்று போட்டிருக்கிறதே. வருஷம் கூடினால் தரமும் கூடுமா சார்?

பதில்: விலை கூடும், அது நிச்சயம். அந்த எண், பாட்டிலுக்குள் இருக்கும் விஸ்கிகளிலேயே வயது குறைந்ததைச் சொல்கிறது. 12 என்று போட்ட பாட்டிலில் 20 வருஷத்து விஸ்கியும் கொஞ்சம் கலந்திருக்கலாம், 11 வருஷத்தது ஒரு துளிகூட இருக்கக் கூடாது. பீப்பாய் நல்லதாக இருந்தால் வருஷம் கூடக்கூட ருசி ஆழமாகும். பீப்பாய் முரடாக இருந்தால் 25 வருஷத்தில் மரக் கசப்புதான் மிஞ்சும். தட்பவெப்பத்தையும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2% ஆவியாகிப் போகிறது. வெப்ப நாடுகளில் அது பல மடங்கு, மரத்தின் சாரமும் வேகமாக இறங்கும். தைவானின் கவலான் போன்ற டிஸ்டிலரிகள் (விஸ்கி வடிக்கும் ஆலைகள்) பல பாட்டில்களில் வயதே போடுவதில்லை. அவற்றைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. லேபிளில் எண் இருந்தாலே அது வயது ஆகிவிடாது. 'நம்பர் 12' என்றால் வெறும் பெயர். 'இத்தனை வருஷம் முதிர்ந்தது' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: சிங்கிள் மால்ட் கொடுத்தால்தான் மரியாதையா? பிளெண்டட் கொடுத்தால் மட்டமாக நினைப்பார்களோ?

பதில்: சிங்கிள் என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே டிஸ்டிலரி என்பதுதான் பொருள். அங்கே முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்தது சிங்கிள் மால்ட், பல பீப்பாய்களைக் கலந்துதான் பாட்டிலில் அடைப்பார்கள். வெவ்வேறு டிஸ்டிலரிகளின் மால்ட்களை மட்டும் சேர்த்தால் பிளெண்டட் மால்ட். முன்பு சொன்ன க்ரீன் லேபிள் அந்த வகை. மால்ட்டோடு, வேறு தானியங்களும் சேர்த்து வடித்த கிரெய்ன் விஸ்கியும் சேர்ந்தால் பிளெண்டட். சோடா கலந்து குடிப்பவருக்கு நல்ல பிளெண்டட்தான் சரியான பரிசு. அவருடைய டம்ளரில் சிங்கிள் மால்ட்டின் நுணுக்கம் கரைந்துபோகும், கொடுத்த காசும் கூடவே கரையும்.

கேள்வி: லேபிளில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஆல்கஹால் அளவு. ஸ்காட்ச்சுக்குக் குறைந்தபட்சம் 40%. ஐஸ் போட்டு மென்மையாகக் குடிப்பவருக்கு 40 முதல் 43% போதும். ருசி பார்த்துக் குடிப்பவர் என்றால் 46% அல்லது அதற்கு மேல் எடுங்கள். காரணம் உண்டு. விஸ்கியில் இருக்கும் கொழுப்பு அமில எஸ்டர்கள், ஆல்கஹால் 46%-க்குக் கீழே இருந்தால் குளிரில் திரண்டு கலங்கலாகத் தெரியும். அதைத் தவிர்க்க, குளிரவைத்து வடிகட்டிவிடுவார்கள். அந்த எஸ்டர்களோடு நாக்கில் படியும் வழவழப்பும் கொஞ்சம் போய்விடும். 46% வைக்கும் தயாரிப்பாளர்கள் பலர் இந்த வடிகட்டலைச் செய்வதில்லை, லேபிளிலும் சொல்லிவிடுவார்கள். அந்த விஸ்கியில் ஐஸ் போட்டால் லேசாக மங்கும். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், கெட்டுப்போயிற்று என்று நினைத்துவிடப் போகிறார்.

நிறத்தை நம்பாதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி இருக்கிறது. கருஞ்சிவப்பாக இருப்பதால் மட்டும் பழையது ஆகிவிடாது.

'காஸ்க் ஸ்ட்ரென்த்' என்றால் தண்ணீர் சேர்த்து இறக்காமல் பீப்பாயில் இருந்த அளவிலேயே அடைத்தது, 55 முதல் 60% வரைகூட வரும். தண்ணீர் விட்டுப் பதம் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி: நண்பன் புகை வாசமுள்ள விஸ்கிதான் வேண்டும் என்பான். கடையில் எதை எடுத்தாலும் 'ஐலா' என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. பார்லியைக் காயவைக்கும்போது பீட் என்னும் மக்கிய கரிமண்ணை எரிப்பதால் அந்தப் புகை ஏறுகிறது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு அதற்குப் பேர்போனது, ஆனால் அங்கேயும் புகையே இல்லாத விஸ்கி வருகிறது. புன்னஹேபின் 12, ப்ருக்லாடியின் க்ளாசிக் லாடி இரண்டும் அப்படி. தீவின் பெயரை மட்டும் பார்த்து இவற்றை வாங்கினால் உங்கள் நண்பர் ஏமாந்துபோவார்.

லாஃப்ரோய்க் 10-இல் மருத்துவமனை வாசம், அயோடின், கடற்பாசி. ஆர்ட்பெக் 10-இல் தார், எலுமிச்சை, அடுப்புக் கரி. லகாவுலின் 16 நிதானமானது, புகையோடு இனிப்பும் கனமும் சேர்ந்தது. கவோல் இலா 12 மெலிந்த, சுத்தமான புகை. நண்பர் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் கவோல் இலா பாதுகாப்பான தேர்வு.

பீட் அளவை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் போடுவார்கள். அது பெரும்பாலும் வடிப்பதற்கு முன் பார்லியில் அளந்தது. வடிக்கும்போதும் பீப்பாயில் இருக்கும்போதும் குறைந்துவிடும். அந்த எண்ணை வைத்து இரண்டு பாட்டில்களை ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: மேலாளர் பெர்பன் மட்டும்தான் தொடுவார். எது கொடுக்கலாம்?

பதில்: பெர்பன் அமெரிக்க விஸ்கி. அதில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் தீயில் கரித்த புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். வனிலா, கேரமல் வாசம் அந்த மரத்திலிருந்து வருவதுதான். 'ஸ்ட்ரெய்ட்' என்றிருந்தால் 2 வருஷமாவது பீப்பாயில் இருந்தது. 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்றிருந்தால் இன்னும் நம்பலாம்: 1897-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி ஒரே டிஸ்டிலரியில் ஒரே பருவத்தில் வடித்து, 4 வருஷத்துக்குக் குறையாமல் வைத்து, சரியாக 50% ஆல்கஹாலில் அடைத்தது. மேக்கர்ஸ் மார்க் மாதிரி கோதுமை சேர்த்த மென்மையானது பிடிக்கும் என்றால் அந்த வகையிலேயே நில்லுங்கள். காரமாகப் பிடிக்கும் என்றால் வைல்ட் டர்க்கி 101.

கேள்வி: ஜப்பானிய விஸ்கி என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதுமா?

பதில்: போதாது. வேறு நாட்டு விஸ்கியை வாங்கிக் கலந்து ஜப்பானியப் பெயரில் விற்பது வெகுகாலம் நடந்தது. அங்குள்ள தயாரிப்பாளர் சங்கம் 2021-இல் விதி வகுத்து, 2024 ஏப்ரல் முதல் உறுப்பினர்களுக்கு முழுமையாக அமல்படுத்தியது. வடிப்பது, குறைந்தது 3 வருஷம் பீப்பாயில் வைப்பது, பாட்டிலில் அடைப்பது எல்லாம் ஜப்பானிலேயே நடக்க வேண்டும். இது சங்க விதிதான், நாட்டுச் சட்டம் இல்லை. யமசாகி, ஹகுஷு, யோய்ச்சி சந்தேகமில்லாதவை. நிக்கா ஃப்ரம் தி பாரல் இந்த விதிக்குள் வராது, ஆனாலும் 51.4%-இல் அருமையான கலவை. அதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், பாட்டில் பெரும்பாலும் 500 மில்லிதான்.

கேள்வி: அப்பா பிறந்த வருஷத்து விஸ்கி தேடுகிறேன். ஏலத்தில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஆசை புரிகிறது, ஆனால் மிகவும் கவனம் தேவை. 2018-இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில், 21 போலி அல்லது லேபிளில் உள்ள வருஷத்தில் வடிக்கப்படாதவை என்று தெரிந்தது. வடித்த வருஷம், அடைத்த வருஷம் இரண்டும் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். பாட்டிலுக்குள் விஸ்கி முதிராது. அந்த வருஷம் வடித்து 12 வருஷத்தில் அடைத்திருந்தால் இன்றும் அது 12 வருஷத்து விஸ்கிதான். திரவ மட்டம் கழுத்துக்குக் கீழே தோள்வரை இறங்கியிருந்தால் தக்கை வழியாக ஆவியாகியிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

அதைவிட, கார்டன் அண்ட் மெக்ஃபெயில், சிக்னேட்டரி, கேடன்ஹெட் போன்ற தனி அடைப்பாளர்கள் (பிற டிஸ்டிலரிகளின் விஸ்கியை வாங்கித் தங்கள் பெயரில் அடைப்பவர்கள்) ஒற்றைப் பீப்பாயிலிருந்து அடைத்த பாட்டிலைத் தேடுங்கள். வடித்த தேதி, பீப்பாய் எண் எல்லாம் எழுதியிருக்கும். அப்பாவுக்குக் கல்யாணமான வருஷமோ நீங்கள் பிறந்த வருஷமோ அமைந்தால் அதுவும் நல்ல பரிசுதானே.

கேள்வி: விமானத்தில் எடுத்துப் போக முடியுமா?

பதில்: செக்-இன் பெட்டியில், கடையில் வாங்கிய சீல் உடையாத பாட்டிலாக, 24 முதல் 70% வரை ஆல்கஹால் உள்ளது தலைக்கு 5 லிட்டர் வரை போகலாம். 70%-க்கு மேல் அறவே கூடாது. சில காஸ்க் ஸ்ட்ரென்த் பெர்பன்கள் அந்த எல்லையைத் தாண்டும். ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கி வழியில் விமானம் மாறுகிறீர்கள் என்றால், சீல் வைத்த பையை இறங்கும்வரை பிரிக்கவே பிரிக்காதீர்கள். இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு தனி. அது பெரும்பாலும் 5 லிட்டரைவிடக் குறைவாகவே இருக்கும், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவர் குடிப்பாரா என்றே தெரியவில்லை. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறுத்தியவராக இருக்கலாம், மருந்து சாப்பிடுபவராக இருக்கலாம். விசாரிக்க வழியில்லை என்றால் வேறு பரிசு பாருங்கள்.

கேள்வி: வாங்கியாயிற்று. கொடுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எப்படி வைப்பது?

பதில்: நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில், பெட்டியோடு வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் இவ்வளவு ஆல்கஹால் தக்கையை அரித்து, ருசியும் கெடும். விலைச் சீட்டை நகத்தால் சுரண்டாதீர்கள், லேபிளும் சேர்ந்து கிழியும். ஹேர் ட்ரையரின் இளஞ்சூட்டை அரை நிமிஷம் காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் முழுசாக வந்துவிடும். தக்கை மூடியாக இருந்தால், திறக்கும் முன் பாட்டிலை ஒரு நொடி கவிழ்த்துத் தக்கையை நனைத்துவிட்டு, திருகியபடி இழுக்கச் சொல்லுங்கள். உடைந்து உள்ளே விழுந்தாலும் பயமில்லை. காபி வடிகட்டும் தாளில் வடித்து, ஈரமில்லாத சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடினால் போதும்.