டே சென்டரில் மேனேஜர் வேலை: விண்ணப்பிக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவரோடு டிபென்டன்ட் விசாவில் இங்கிலாந்து வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஊரில் மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை பார்த்திருக்கிறீர்கள். இப்போது ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் டே சென்டருக்கு மேனேஜர் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. "மாமனார் மாமியாரை வைத்துப் பார்த்தவள், பெரியவர்களைக் கவனிப்பது எனக்குப் புதிதில்லை, போடலாமா அக்கா?" என்கிறீர்கள்.

தாராளமாகப் போடுங்கள். உங்கள் விசாவில் இந்த வேலைக்குத் தடை இல்லை, வேலை தருகிறவர் விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர்ஷிப்பும் வேண்டாம். சிறிய அறக்கட்டளைகள் பெரும்பாலும் ஸ்பான்சர் லைசென்ஸ் பக்கமே போவதில்லை என்பதால் இது உங்களுக்கு நல்ல சாதகம். ஆனால் அந்த மாமனார் மாமியார் விஷயத்தை மட்டும் இன்டர்வியூவில் எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டே சென்டர் முதியோர் இல்லம் கிடையாது. பெரியவர்கள் பத்து மணி வாக்கில் வருவார்கள், மூன்று, மூன்றரைக்கு வீடு திரும்புவார்கள். இடையில் டீ, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி, சூடான மதியச் சாப்பாடு, பிங்கோ, சில நாட்களில் முடி வெட்டுபவரோ பாத நகம் வெட்டுபவரோ வருவார். துணை இல்லாமல் தனியாக இருப்பவர்களும் வருவார்கள், டிமென்ஷியா என்னும் மறதி நோய் தொடங்கியவர்களும் வருவார்கள். வீட்டில் அவர்களைக் கவனிக்கும் மனைவிக்கோ மகனுக்கோ மூச்சுவிட நேரம் கிடைப்பது இந்த ஐந்து மணி நேரத்தில்தான்.

மேனேஜரின் காலைப்பொழுது மினிபஸ்ஸைச் சுற்றியே ஓடும். ஏழரை மணிக்கு டிரைவர் போன் செய்து உடம்பு சரியில்லை என்றால் அன்றைய நாள் அதோ கதிதான். சரி, நானே ஓட்டிவிடுகிறேன் என்று கிளம்ப முடியாது. 1997 ஜனவரி 1-க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் ஆனவர்களுக்கு மினிபஸ் ஓட்டும் டி1 உரிமை லைசென்ஸோடு சேர்ந்தே வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள், தன்னார்வலர்களுக்கான சில விலக்குகள் தவிர, தனியாகத் தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். அதனால் டிரைவர் வேலைக்கு வருகிறவர்களே வயதானவர்கள்தான், எழுபது ஆனால் டி1-ஐ வைத்துக்கொள்ள அவர்களும் மருத்துவப் பரிசோதனை முடிக்க வேண்டும். பஸ்ஸை ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் சில சமயம் வயதில் பெரிய வித்தியாசம் இருக்காது!

யாரை முதலில் ஏற்றுவது என்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. அடிக்கடி கழிப்பறை போக வேண்டியவரை முதலில் ஏற்றி முக்கால் மணி நேரம் ஊர் சுற்ற வைக்கக் கூடாது. டிமென்ஷியா உள்ளவர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருப்பார், தாமதமானால் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவார். அழைப்பு மணி அடித்தும் ஒருவர் கதவைத் திறக்கவில்லை என்றால், வரவில்லை போலிருக்கிறது என்று டிரைவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது. உங்களுக்குப் போன் வரும். நீங்கள் அவருடைய வீட்டு எண், பிறகு மகள், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகக் கூப்பிட வேண்டும். உள்ளே விழுந்து கிடக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் அவசர உதவி எண் 999. இன்டர்வியூவில் இதை நிச்சயம் கேட்பார்கள்.

இப்போது மாமனார் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மையத்துக்கு எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா வருவார், சர்க்கரை நோய் உண்டு. கஸ்டர்ட் ஊற்றிய ஆப்பிள் கிரம்பிள் போடும் நாளில் இரண்டாவது கிண்ணம் கேட்பார். புதிதாகச் சேர்ந்த பணியாளர் ஒருவர், நம்ம பக்கத்துப் பெண்தான், "உங்களுக்குச் சுகர் ஏறிவிடும், வேண்டாம்" என்று அன்பாகத் தோளைத் தட்டிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா அன்று மாலை வரை யாரோடும் பேசவில்லை. இரண்டு நாளில் எழுத்தில் புகார் வந்தது. அந்த அம்மா பக்கம்தான் நியாயம் என்று நான் பதில் எழுதினேன்.

நம் வீடுகளில் அந்தப் பெண் செய்ததைப் பாசம் என்போம். இங்கே 2005-இல் வந்த மென்டல் கெப்பாசிட்டி சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். புத்திசாலித்தனமில்லாத முடிவை எடுக்கிறார் என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பணியாளர் செய்யக்கூடியது, இதில் சர்க்கரை அதிகம் என்று சொல்வது, சின்னக் கிண்ணம் போதுமா என்று கேட்பது, குறிப்பேட்டில் எழுதிவைப்பது. அதற்கு மேல் அவர் பாடு. நினைவு தடுமாறி, என்ன சாப்பிடுகிறோம் என்பதே புரியாத நிலை என்றால் கதை வேறு. அப்போதும் அந்த ஒரு முடிவுக்கான திறனைத்தான் பார்க்க வேண்டும். டிமென்ஷியா வந்துவிட்டது, இனி எல்லாமே நாம்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மகள் போன் செய்து "ஏன் கொடுத்தீர்கள்?" என்று சத்தம் போடுவார். மகள் என்பதாலேயே முடிவெடுக்கும் உரிமை வந்துவிடாது. உடல்நலத்துக்கான பவர் ஆஃப் அட்டர்னி அவர் கையில் இருந்தாலும், அம்மாவுக்குத் திறன் போன பிறகுதான் அது செல்லும். இதைக் கோபப்படாமல், அதே சமயம் அம்மாவின் விஷயத்தை அவர் சம்மதமில்லாமல் கொட்டிவிடாமல் சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு இந்த வேலையில் கஷ்டமான பகுதி எது என்று கேட்டால், குடும்பங்களோடு பேசுவது என்றுதான் சொல்வேன்.

அதனால்தான் சொன்னேன். "பெரியவர்களை நான் பார்த்துக்கொள்வேன்" என்றால் "அவர்களுக்காக நானே முடிவெடுப்பேன்" என்று இன்டர்வியூ எடுப்பவர்கள் காதில் விழும். உங்கள் மாமனார் ஏதாவது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்து, நீங்கள் அவர் போக்குக்கு வழி செய்து கொடுத்திருப்பீர்கள் இல்லையா? அதைச் சொல்லுங்கள், நன்றாக எடுபடும்.

இன்னும் இரண்டு விஷயங்களில் நம் கை தானாக முந்திக்கொள்ளும். யாராவது கீழே விழுந்தால் நாலு பேர் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவோம். அது வேண்டாம். வலி எங்கே, தலையில் அடி உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்த பிறகுதான் எழுப்புவதா ஆம்புலன்ஸா என்று முடிவு. அடுத்தது ரகசியம். ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பென்ஷன் பணத்தைப் பையன் எடுத்துக்கொள்கிறான், யாரிடமும் சொல்லிவிடாதே" என்பார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க உங்களால் முடியாது, அதை அவரிடமே சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, உள்ளூர் கவுன்சிலில் இப்படிப்பட்டவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் சேஃப்கார்டிங் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். மகனைக் கூப்பிட்டு நீங்களே விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

பணக் கணக்கில் உங்கள் நிர்வாக அனுபவம் கைகொடுக்கும். சிலருக்குக் கவுன்சில் கட்டணம் கட்டும், சிலர் சொந்தக் காசில் வருவார்கள், மீதியை நன்கொடையும் மானியமும் நிரப்ப வேண்டும். இங்கிலாந்தில் சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருப்பவருக்குப் பொதுவாகக் கவுன்சில் உதவி கிடைக்காது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வூதிய வயதைத் தாண்டி, அன்றாடம் பிறர் உதவி தேவைப்படுகிறவர்களுக்கானது, சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் கேட்கலாம். 2025-26-இல் தேவைக்கேற்ப வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்டு. தகுதி இருந்தும் கேட்காதவர்கள் நிறைய பேர். அந்த நீளமான படிவத்தை நிரப்ப நீங்கள் உதவினால், வாரத்தில் ஒரு நாள் வந்தவர் இரண்டு நாள் வருவார்.

தகுதி பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். விளம்பரத்தில் பராமரிப்பு நிர்வாகத்துக்கான லெவல் 5 டிப்ளோமா கேட்டிருந்தால், வேலையில் சேர்ந்த பிறகு படிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். இங்கிலாந்தில் டே சென்டர் மட்டும் நடத்துகிறவர்கள், பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி.யில் பதிய வேண்டியதில்லை, ஸ்காட்லாந்தில் விதி வேறு. குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கும் என்ஹான்ஸ்டு டி.பி.எஸ். சோதனை இருக்கும். நீங்கள் புதிதாக வந்தவர் என்பதால் ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்கலாம், அது வர நாளாகும், இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பரிந்துரைக்கு முன்னாள் மேலதிகாரியின் அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள், ஜிமெயில் முகவரியைப் பார்த்தால் இங்கே தயங்குவார்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே அந்த மையத்துக்குப் போன் போட்டு, ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். இங்கே அது தப்பான காரியம் இல்லை, ஆர்வம் என்றே எடுத்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். போனால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: கவுன்சில் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மினிபஸ்ஸை யார் ஓட்டுகிறார்கள்?